பகல் விளக்கு

பட்டப்பகலில் விளக்கு எரிகிற வீடு உருப்பட்டதாக வைத்தியலிங்கம் கேள்விப்பட்டதில்லை. அதுவும் ஒன்றா, இரண்டு. ஒன்று உச்சந்தலையில் குத்துகிற மஞ்சள் பல்பு, அது சூட்டுக்காம். இன்னொன்று நீளமான வெள்ளைக் குழாய், அது புற ஊதாக் கதிருக்காம். யாருக்கு இந்த ராஜ உபசாரம் என்றால் ஓர் உடும்புக்கு. உடும்பு என்று வாய்நிறையச் சொல்லவும் வழியில்லை, வாலைக் கழித்துவிட்டால் ஒரு சாண் தேறாது. முள்முள்ளாக வால், துருப்பிடித்த நிறம், எதைப் பார்த்தாலும் நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுக்கிற ஒரு சோதனை. ஆஸ்திரேலியாவில் பாறை இடுக்கில் கிடக்க வேண்டிய சாதி. அதைப் பதிவு செய்து, காகிதம் வாங்கி, மேடவாக்கத்தில் ஒன்பதாவது மாடியில், கூடத்தின் பாதியை அடைக்கிற கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறான் மாப்பிள்ளை சர்வேஷ். பெட்டிக்குள் முக்கால் அளவு மண். வீடு பெருக்கும்போது ஒரு பிடி மண் உள்ளே வந்தால் முகம் சுளிக்கிற பெண்ணைப் பெற்று வளர்த்தார் அவர், அவள் இப்போது வண்டி வண்டியாக மண்ணை வீட்டுக்குள் கொட்டியவனோடு குடித்தனம் நடத்துகிறாள். பெயர் வேறு வைத்திருக்கிறான். பக்கோடா. ஒரு ஜீவனுக்கு வைக்கிற பெயரா அது? டீக்கடையில் பேப்பரில் மடித்துக் கொடுப்பதை வைத்துத்தான் இந்தப் பயலுக்கு உலகமே தெரியும் போலிருக்கிறது. நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பானோ, போண்டா என்று வைத்தாலும் கேட்பதற்கு ஆளில்லை.

அதனால்தான் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு சுவிட்சையும் அணைத்தார். டப், டப் என்று அந்த இரண்டு சத்தமும் காதுக்கு இதமாக இருந்தன. மன்னார்குடியில் வகுப்பு முடிந்து கடைசியாக வெளியேறுகிற இயற்பியல் வாத்தியாரான இவர் ஒருவர்தான் விசிறியையும் விளக்கையும் அணைத்துவிட்டுப் போவார், மற்ற ஜாம்பவான்கள் எல்லாம் கையை வீசிக்கொண்டு போவார்கள். அணைத்த கையோடு மேற்குப் பக்கத்துத் திரையையும் முழுக்க இழுத்துத் திறந்துவிட்டார். சித்திரை மாதத்துச் சூரியன் வெளியே கொதித்துக்கொண்டு கிடக்க, உள்ளே திரையைப் போட்டு இருட்டாக்கி, அந்த இருட்டில் செயற்கைச் சூரியன் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவதற்குப் பெயர் படிப்பாம். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், "மாமா, அந்த மேக்குப் பக்கத் திரைய மட்டும் தொறக்காதீங்க, ஏன்னா..." என்று. ஏன்னாவுக்கு அப்புறம் என்ன வரும் என்று கேட்க அவருக்குப் பொறுமையில்லை. "தெரியும் மாப்பிள்ளை, நீங்க வண்டியப் புடிங்க" என்றார். ஒளியைப் பற்றி இவரிடம் பாடம் எடுக்கவா பார்க்கிறான்? பணிக்காலம் முழுக்க முப்பட்டகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர். கணிப்பொறியில் எதையோ தட்டிச் சம்பாதிக்கிற, நாளெல்லாம் அரைக்கால் டிராயரோடு அலைகிற ஒருவன் சூரியனைப் பற்றிச் சொல்லி இவர் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது பாருங்கள், பெட்டி நிறைய வெயில் வழியத் தொடங்கிவிட்டது, செலவில்லாமல், வயர் இல்லாமல். திருப்தியாக இருந்தது. மோர் சாதம் வயிற்றில் கனக்க, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

கர்ர், கர்ர் என்று சத்தம். திரும்பிப் பார்த்தார். பக்கோடா பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்கால் நகத்தால் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வெயிலைக் கண்ட குஷி. இருக்காதா பின்னே, பிறந்ததிலிருந்து பல்பைப் பார்த்து ஏமாந்த பிராணி. காலையில் அதற்குப் படி அளந்ததை நினைத்தால் இன்னும் குமட்டியது. அதற்கென்று கரப்பான் வளர்க்கிறார்கள். வீட்டில் கரப்பான் வந்தால் மருந்தடிப்பது உலக வழக்கம், இங்கே பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டையெல்லாம் அடுக்கி, கேரட் நறுக்கிப் போட்டுக் கரப்பானைக் குடும்பம் குடும்பமாகப் பெருக்குகிறார்கள். அதில் நாலைந்தை இடுக்கியால் எடுத்து ஒரு பையில் போட்டு, வெள்ளைப் பொடி தூவி, பையைக் குலுக்க வேண்டும். கால்சியமாம், கூடவே டி வைட்டமினாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறொரு பொடி, அது சத்து மாத்திரை மாதிரியாம். குலுக்கி வெளியே எடுத்தால் ஒவ்வொரு கரப்பானும் உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு சிவபழமாக நிற்கிறது. சைவக் குடும்பத்தில் பிறந்து, முட்டைகூடத் தொடாமல் வளர்ந்து, இந்த வயதில் கரப்பானுக்கு விபூதி பூசிப் பலி கொடுக்கிற உத்தியோகம் வாய்த்திருக்கிறது. பொடியின் வாசனை மட்டும் தெரிந்த வாசனையாக இருந்தது, சுண்ணாம்பும் மருந்தும் கலந்தது. மனைவி ராஜாமணி ராத்திரி படுக்கும்முன் தண்ணீரோடு விழுங்குவாளே, அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை. தொண்டையில் இறங்காமல் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். குளியலறைப் படியில் சும்மா கால் பிசகினாள், இடுப்பு எலும்பு அப்பளமாக நொறுங்கிவிட்டது. டாக்டர் கேட்டார், ஏம்மா, வெயில்லயே நிக்கிறதில்லையா? அவள் யோசித்துச் சொன்னாள், துணி காயப்போடுறப்ப நிப்பேன் சார். அதையும் பிறகு வேலைக்காரிதான் காயப்போட்டாள். சரி, அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம். சாப்பிட்ட வயிறு. கால்சியம் என்றால் கால்சியம், அவ்வளவுதான், மனுஷிக்குக் கிடைக்காத கவனிப்பு ஊர்வனவற்றுக்குக் கிடைக்கிற காலம்.

நேற்றைக்கு முன்தினம் மாப்பிள்ளை போனை எடுத்துக் காட்டினான். இந்த மாதிரிப் பிராணி வளர்க்கிறவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழுவாம். அதில் ஒருத்தன் தன் உடும்பின் கழிவைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறான், நிறம் சரியா என்று கேட்டு. நாற்பது பேர் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். உடும்புக்குத் தாடை மெத்தென்று ஆகிவிட்டது, விரல் நடுங்குகிறது, என்ன செய்யலாம் என்று இன்னொருத்தன். அதற்கு இவன், இந்த சர்வேஷ், உடம்பெல்லாம் பதறிக்கொண்டு குரல் பதிவு அனுப்புகிறான், பாஸ் உங்க டியூப் எப்ப மாத்தினது, வருஷம் ஆயிடுச்சுன்னா மாத்திடுங்க என்று. நன்றாக எரிகிற குழாயைக் கழற்றி எறிகிறவன் இவன். கேட்டால் வெளிச்சம் தெரியும் மாமா, உள்ள கதிர் செத்துப்போயிருக்கும் என்கிறான். கண்ணுக்குத் தெரிவதை நம்பாதே, தெரியாததை நம்பு என்றால் அது விஞ்ஞானமா, சாமியார் மடமா? அப்பா அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று ஒரு குரல் பதிவு அனுப்பியிருப்பானா? அனுப்பியிருக்கலாம். தெரியாது. தெரியாததைப் பற்றிப் பேசக்கூடாது. கர்ர், கர்ர். இப்போது சத்தம் வேகமாக வந்தது. அடங்கு என்றார் வைத்தியலிங்கம். அடங்குகிற மாதிரி இல்லை. வெளியே வர வேண்டுமாம் துரைக்கு. எல்லாருக்கும்தான் வெளியே வர வேண்டும். ஒன்பது மாடி இறங்கி, வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை பேசி, டீ குடிக்கலாம் என்றால் இவருக்கும்தான் ஆசை. மகள் அரசி போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். லிஃப்ட்டில் மாடி நம்பரை ஒருதடவை மாற்றி அழுத்தி, யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு நின்றுவிட்டாராம். ஒருதடவை. பால் ஒருதடவை. அடுப்பில் வைத்த பாலை மறந்து பாத்திரம் கருகியது உண்மைதான், பாலை ஊரெல்லாம்தான் மறக்கிறது.

அந்தப் பாலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது மனசு. எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது, செக்குமாடு. அவர்கள் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று காலை இவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். குளியலறைச் சாளரம் வழியாக அடுப்படிப் பேச்சு அப்படியே வந்து விழுந்தது. "இந்தக் கல்யாணம் முடிஞ்சு வர்ற வரைக்கும் பாப்போங்க. பக்கோடாவ அப்பா ஒழுங்கா பாத்துக்கிட்டாருன்னா குழந்தையையும் நம்பி விடலாம். இல்லேன்னா கோயம்புத்தூர்ல அந்த எடத்துக்கே பேசிடலாம், எனக்கும் வேற வழி தெரியல." அந்த எடம் எது என்று இவருக்குத் தெரியும். வழவழத்த காகிதத்தில் படம் போட்டு வந்தது, முதியோர் எல்லாரும் தோட்டத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு யோகா செய்கிற படம். வாயில் நுரையோடு அப்படியே நின்றார். ஆக, இந்த உடும்புதான் பரீட்சை. எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவருக்கு இந்த முள்வால் கண்காணிப்பாளர். குரல் அரசியுடையது, ஆனால் சொல் அவளுடையதாக இருக்காது. அவன் சொல்லிக்கொடுத்திருப்பான். ஏழு மாதக் கர்ப்பிணி, பாவம், புருஷன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள். அவன் அதற்கு என்ன பதில் சொன்னான் என்று காதில் விழவில்லை, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன சொல்லியிருப்பான், ஆமாம் என்றுதான். வாய்க்கு வாய் மாமா மாமா என்கிறவனை எப்படி நம்புவது? பிள்ளை பிறந்து, அரசி வேலைக்குப் போனபின், மத்தியான நேரத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதை வைத்தியலிங்கம் பலமுறை நடந்து பார்த்துவிட்டார், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காதபோது. அந்த நடையை இழந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. பயம்தான், வேறென்ன சொல்வது.

சத்தம் மாறியிருந்தது. கண்ணாடியைக் கீறுகிற கூர்மை போய், சரக் சரக் என்று மண் தள்ளுகிற சத்தம். தோண்டுகிறது. தோண்டட்டும், அதற்குத்தானே அவ்வளவு மண்ணைக் கொட்டியிருக்கிறான் அதன் வேலைக்காரன். கண் செருகியது. மேலே விசிறி வெந்நீரைக் கலக்குகிற மாதிரி காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. மன்னார்குடி வகுப்பறை வந்தது, கடைசி பெஞ்சில் எவனோ தூங்குகிறான், சாக்பீஸை உடைத்து எறிகிறார், அது சரியாக அவன் நெற்றியில் படுகிறது, எழுந்து நிற்கிறவன் அரைக்கால் டிராயரோடு தாடி வைத்திருக்கிறான், ஏன்னா என்கிறான், ஏன்னா, ஏன்னா. ஏன் என்று முழுசாகச் சொல்லுடா தடியா. காலில் சுட்டது. விழித்துப் பார்த்தபோது வெயில் பெட்டியை முழுக்கத் தாண்டி வந்து, தரையில் நீண்டு, சோபாவின் விளிம்பில் அவருடைய பாதத்தில் ஏறியிருந்தது. கூடம் நிசப்தமாக இருந்தது. பிறாண்டலும் இல்லை, தோண்டலும் இல்லை. நல்லது, தூங்கிவிட்டது என்று நினைத்தார். நினைத்த நினைப்பு பாதியில் நின்றது. வகுப்பறையில் அவருடைய குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அணைக்காமல் விட்ட ரேடியோ போல. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடும், எழுதிக்கோ. எழுதிக்கோ. வருஷா வருஷம் கேட்பார் அதை. அதற்கு அடுத்த வினா, அதே பக்கத்தில், அதுவும் இரண்டு மதிப்பெண். வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரினுள் வெப்பம் மிகுவது ஏன்? கண்ணாடி ஒளியை உள்ளே விடும், உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியே விடாது. விடை எழுதாத தறுதலைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினாரே. கதவடைத்த பெட்டி. நாலு பக்கமும் கண்ணாடி. சித்திரை வெயில். ஏன்னா என்று அவன் ஆரம்பித்தது இதைச் சொல்லத்தான். அட முட்டாளே என்றார், இந்த முறை யாரைச் சொல்கிறோம் என்று நன்றாகத் தெரிந்து.

முழங்கால் பிடித்துக்கொண்டது. அதை உதைத்து இழுத்துக்கொண்டு ஓடித் திரையை மூடினார். கண்ணாடியில் கை வைத்தார், சுட்டது. நகர்த்திக் கதவைத் திறந்ததும் இட்லிக்குண்டானைத் திறந்தாற்போல் வெக்கை முகத்தில் அடித்தது. தட்டைக்கல்லின் மேல் இல்லை. மரக்கட்டைக்குப் பின்னால் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் தண்ணீர் வெந்நீராக இருந்தது. பக்கோடா, என்றார். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டேய் பக்கோடா. இது செத்துப்போனால் என்ன, ஒரு பல்லியின் பெரியப்பன் செத்தான் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார், வரவில்லை. அது நின்ற நிலை கண்முன்னால் வந்தது, இரண்டு கையும் கண்ணாடியில், வாய் திறந்து. குஷியாம். கதவைத் திற என்று கெஞ்சியிருக்கிறது, இவர் அடங்கு என்றார். பெட்டி மூலையில் புதிதாக ஒரு வளை வாய். சட்டைக் கையைச் சுருட்டவும் தோன்றாமல் அப்படியே மண்ணில் கையை விட்டார். மேல்மண் அடுப்புச் சாம்பலாகச் சுட்டது. இன்னும் உள்ளே விட்டார், வெதுவெதுப்பு. தோள்வரை சாய்ந்து இன்னும் ஆழமாக விட்டார். ஈரம். ஈரமும் குளிர்ச்சியும். வீட்டுக்குள் வண்டி வண்டியாக மண் எதற்கு என்று சிரித்தாரே, அந்த மண்ணின் அடிமடியில் ஆற்றுப்படுகை மாதிரி குளிர்ந்து கிடந்தது. விரல் முனையில் ஏதோ முள்முள்ளாகத் தட்டியது. அசைகிறதா இல்லையா? அசையவில்லை. இன்னும் கொஞ்சம் துழாவினார். அப்போது ஆள்காட்டி விரலைக் கவ்வியது பாருங்கள், ஐயோ என்று அலறிவிட்டார். உடும்புப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள். விடவே இல்லை. அவரும் இழுக்கவில்லை. ரத்தம் கசிவது மண்ணுக்குள் சூடாகத் தெரிந்தது. வலி உயிர்போக, கடிடா, நல்லா கடி என்று சொல்லிக்கொண்டு அந்தக் கிழவர் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை விட்டபடி நெடுநேரம் நின்றார். அது தானாக மனம் வந்து விட்டபிறகுதான் கையை வெளியே எடுத்தார்.

போன் அடித்தது. சர்வேஷ். மண் கையோடு எடுத்தார்.

"மாமா, சாப்டாச்சா?"

"ஆச்சு மாப்பிள்ளை."

"ஒண்ணுமில்ல மாமா. பெட்டிக்குள்ள சூடு எவ்ளோன்னு என் போன்ல காட்டும். இங்க மண்டபத்துல சிக்னலே இல்ல, வெளிய வந்ததும் இப்பதான் பாத்தேன். கொஞ்சம் ஏறியிருந்துச்சு, அதான். பக்கோடா எங்க இருக்கான்?"

இதையெல்லாம் அவன் போனிலிருந்தே பார்க்க முடியும் என்பதை வைத்தியலிங்கம் அறிந்திருக்கவில்லை. வேவு பார்க்கிறானா என்று ஒரு கோபம் எழுந்து, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

"மண்ணுக்குள்ள இருக்கான். கைய விட்டுப் பாத்தேன். கடிச்சுட்டான்."

அந்தப் பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "கடிச்சானா? அப்ப நல்லா இருக்கான் மாமா. நீங்க கையச் சோப்புப் போட்டு நல்லா கழுவுங்க. மண்ணு மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சு விட்டுருங்க. விளக்கு இன்னைக்கு வேண்டாம், காலைல போட்டுக்கலாம்."

திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கேட்காமல் விடுகிறான், தோற்ற பையனுக்கு மார்க் போட்டுத் தள்ளிவிடுகிற வாத்தியார் மாதிரி. அப்போது பின்னால் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அரசியின் குரல் கேட்டது.

"என்னங்க, அப்பா என்ன பண்ணாரு? நான் அப்பவே சொன்னேன்ல, அவரால முடியாதுன்னு. நீங்கதான் மாமா பாத்துப்பாரு, பாத்துப்பாருன்னு..."

போனை உள்ளங்கையால் பொத்தினான் போலிருக்கிறது. பொத்தியும் கேட்டது. "ஒண்ணும் பண்ணல அரசி. வீட்ல கரண்ட் போயிடுச்சாம், அதான் சூடு ஏறிடுச்சு."

வைத்தியலிங்கம் தலைக்கு மேலே பார்த்தார். விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் சூடு குறையும். ஏறுமா? ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மடையன், இவனைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். தனக்காக ஒருவன் இவ்வளவு தப்பாக, இவ்வளவு அவசரமாக ஒரு பொய் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது.

"கரண்ட் போனா சூடு எப்பிடிங்க ஏறும்?" என்றாள் அரசி. அவர் மகள். சரியாகத்தான் கேட்கிறாள்.

இவன் திணறுகிறான். அடுத்ததாக இன்னும் அசட்டுத்தனமாக ஏதாவது உளறுவான், அவள் நம்பினாலும் நம்பிவிடுவாள். வைத்தியலிங்கம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தோளில் துண்டைப் போட்டு நடந்த நடை அவர் கண்முன்னால் போய்த் திரும்பி வந்தது. தப்பான விடையைத் திருத்தாமல் தாளைக் கீழே வைத்து அவருக்குப் பழக்கமில்லை. ரத்தமும் மண்ணும் அப்பிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை," என்றார், "போனை அரசிகிட்ட குடுங்க."